விடியற்கால ராகங்களைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: சுருதி முதல் காசிப் படித்துறை வரை

லலித், பைரவ், பௌளி, பூபாளம் என்று பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றை அந்தந்த வேளையில் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கும், எங்கே பிடித்துத் தொடங்குவது என்றுதான் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் தேடிய காலத்தில் கிடைத்தவை பெரும்பாலும் “மன அமைதி தரும்”, “பக்தி ரசம் கொண்டது” என்ற ஒற்றை வரிக் குறிப்புகளும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நேர அட்டவணைகளும்தான். எந்த நேரத்தில், எந்தச் சுருதி வைத்து, எந்த வரிசையில் கேட்பது, நேரில் கேட்க எங்கே போவது, என்ன செலவாகும், கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அலைந்து திரிந்து சேர்த்ததைக் கீழே வரிசையாகத் தருகிறேன். சங்கீதம் கற்றிருக்க வேண்டியதில்லை. ச ரி க ம ப த நி என்று சொல்லத் தெரிந்தால் போதும். அவற்றின் முழுப்பெயர்கள்தான் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம்.

1. கடிகாரத்தை விட்டுவிட்டுச் சூரியோதயத்தைப் பிடியுங்கள்

வட இந்திய சாஸ்திரிய இசையான ஹிந்துஸ்தானி மரபு ஒரு நாளை எட்டுப் பிரஹரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். அட்டவணைகளில் “காலை 3 முதல் 6” என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆண்டில் பாதி நாட்கள் தவறிப்போகும். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5:40 வாக்கில் உதிக்கும், ஜனவரிக் கடைசியில் 6:35 ஆகிவிடும். காசியில் வித்தியாசம் இன்னும் பெரிது: ஜூனில் 5:05 வாக்கில், ஜனவரியில் 6:45 வாக்கில். அதனால் அன்றைய சூரியோதயத்தை வைத்தே கணக்கிடுங்கள்.

நான் பின்பற்றும் வரிசை இது. இருட்டு விலகுவதற்கு முன்பு லலித், நம் கர்நாடக இசையில் பூபாளம். வெளிச்சம் கசியத் தொடங்கும்போது பட்டியார், ஜோகியா, பைரவ், கர்நாடக இசையில் பௌளி, ரேவகுப்தி. சூரியன் மேலே வந்தபின் ஆஹிர் பைரவ், தேஸ்கார், மலயமாருதம், பிலஹரி. அப்புறம் வெயில் ஏற ஏற ஹிந்துஸ்தானித் தோடி வகைகள், நம் பக்கம் சாவேரி, தன்யாசி.

இந்தக் கட்டுப்பாடு ஹிந்துஸ்தானியில் இன்றும் பெரும்பாலும் உயிரோடிருக்கிறது. கர்நாடகக் கச்சேரி மேடையில் தளர்ந்துவிட்டது. மாலைக் கச்சேரியில் பிலஹரி பாடினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் பக்கம் வேளை ஒழுங்கைக் காத்து வந்தது கோயில் நாகஸ்வரம்தான். அதைப் பற்றி ஆறாவது படியில் சொல்கிறேன்.

நான்கு மணிக்கே எழ வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். சூரியோதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி அரை மணி பின்பு முடித்தால் தொடக்கக்காரருக்கு நிறைவாகப் போதும். தூக்கக் கலக்கத்தில் லலித் கேட்பதைவிடத் தெளிவாக எழுந்து பௌளி கேட்பது மேல்.

2. சுருதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் (செலவு: பெரும்பாலும் இல்லை)

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அதனால்தான் எல்லாக் காலை ராகமும் ஒரே மாதிரி சோகமாகக் கேட்கிறது என்று புகார் வருகிறது. ராகத்தின் குணம் ஒவ்வொரு ஸ்வரமும் ஷட்ஜத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஷட்ஜம் காதில் நிலைக்கவில்லை என்றால் அந்தத் தூரம் தெரியவே தெரியாது.

போனில் தம்பூரா ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே பல கிடைக்கின்றன. மின்சுருதிப் பெட்டி வாங்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பாடக் கற்கப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம், கேட்பதற்கு மட்டும் அவசியமில்லை. ஷட்ஜம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பாடகர்களில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டை வரையிலும் பாடுவார்கள். கேட்கப் போகும் பதிவின் தொடக்கத்தில் வரும் தம்பூரா ஒலியோடு ஆப்பின் கட்டையைப் பொருத்துங்கள். பதிவை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சுருதியை மட்டும் கேளுங்கள், வாய்க்குள் ‘ஸா’ பிடியுங்கள். அதன்பின் பதிவை ஓடவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஆப் இயல்பாக ‘ப ஸ ஸ ஸ’ என்று பஞ்சமத்தோடு ஒலிக்கும். லலித்தில் பஞ்சமமே கிடையாது. அதற்கு மத்யமச் சுருதிக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் கேட்டால் ராகத்தோடு தம்பூரா சண்டை போடும், ஏதோ சரியில்லை என்று தோன்றும், காரணம் பிடிபடாது.

இயர்போனைவிடச் சின்ன ஸ்பீக்கரில் மெல்லிய ஒலியில் கேட்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே குருவிச் சத்தமும் தெருப் பெருக்கும் சத்தமும் கலந்தே வரட்டும், இந்த ராகங்கள் அதைத் தாங்கும்.

3. முதல் மாதம் ஒரே ராகம்

நாளுக்கொரு ராகம் என்று பட்டியல் போட்டு ஓடாதீர்கள். இதுதான் பலர் பாதியில் விட்டுவிடும் இடம். ஒரு மாதத்துக்கு ஒரு ராகம், அதை மூன்று நான்கு கலைஞர்களிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லும் முதல் ராகம் பைரவ். காரணம் எளிது. பாட்டு வகுப்புக்குப் போன எந்தக் குழந்தையும் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில்தான் கற்கிறது. பைரவ் அதே ஏழு ஸ்வரங்கள்தான். நீங்கள் வகுப்புக்குப் போகாவிட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்து அந்த ஒலி காதில் விழுந்திருக்கும். ஆகவே ஸ்வரங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேராகக் குணத்துக்குப் போய்விடலாம்.

முதல் வாரம் ரிஷபத்தை மட்டும் கவனியுங்கள். ஷட்ஜத்துக்கு ஒட்டினாற்போல் நிற்கும் சுத்த ரிஷபம் அது. பைரவில் அதை நேராக நிறுத்த மாட்டார்கள். மிக மெதுவாக அசைப்பார்கள். அதற்கு ஆந்தோலன் என்று பெயர். நம் கமகத்தின் வேகத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள், இது ஒரு மூச்சு முழுக்க நீளும் அசைவு. இரண்டாம் வாரம் தைவதத்தில் அதே அசைவைத் தேடுங்கள். மூன்றாம் வாரம் இரண்டையும் சேர்த்துக் கேட்டால், பைரவ் என்றால் கம்பீரம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கும். அவசரமே இல்லாத ராகம் அது, எதையும் கெஞ்சுவதும் இல்லை.

நான்காம் வாரம் பௌளிக்கு வாருங்கள். அதே மாயாமாளவகௌளை மேளம்தான் (மேளம் என்றால் தாய் ராகம்), ஆனால் மத்யமம் இல்லை, நிஷாதம் இறங்கும்போது மட்டும் வரும். தீட்சிதரின் ‘ஸ்ரீ பார்வதி பரமேஸ்வரௌ’ பௌளியைப் பிடிக்க நல்ல வாசல். பைரவின் கண்டிப்பு இதில் இல்லை, கைகூப்பி நிற்கிற பணிவு இருக்கிறது. ஒரே மேளத்தில் இரண்டு வேறு மனநிலை எப்படி வருகிறது என்பதைக் காது கண்டுகொண்டால் மீதி ராகங்கள் தானே வழிக்கு வரும்.

4. மனநிலையை ஸ்வரத்தில் தேடுங்கள்

“இந்த ராகம் கேட்டால் என்ன உணர்ச்சி வரும்?” என்று யாரிடமும் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைத்தான் கேட்பீர்கள். எந்த இடத்தில் காது நிற்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு உதவியாக, நான் எங்கெங்கே நின்றேன் என்பதைச் சொல்கிறேன்.

சந்திப் பொழுது ராகங்களுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு. ஹிந்துஸ்தானியில் சந்திப்பிரகாஷ் என்பார்கள். ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டிச் சின்னதாக, காந்தாரம் தள்ளிப் பெரியதாக இருக்கும். நடுவில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பொழுது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குத் தாவும் பதற்றம் இருக்கிறது. விடியலிலும் இதே அமைப்பு, அந்தியிலும் இதே அமைப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது மத்யமம். காலை ராகங்களில் சுத்த மத்யமம் ஓங்கி நிற்கும், அந்தி ராகங்களான பூர்வி, மார்வாவில் அதைவிடச் சற்று உயர்ந்த பிரதி மத்யமம் ஓங்கும். ஹிந்துஸ்தானி இசையறிஞர் பாத்கண்டே தொகுத்த முறையில் இது ஒரு முக்கியக் குறிப்பு. விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் தொடக்கத்தில் கைகொடுக்கும்.

லலித்தில் இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வருகின்றன. பஞ்சமம் என்ற கால் ஊன்றும் இடமும் இல்லை. அதனால் அந்த ராகம் எங்கும் உட்காராது. விடியுமா விடியாதா என்று விழித்திருப்பவரின் தவிப்பு அதில் கேட்கும். உஸ்தாத் அமீர் கானின் விளம்பித (மெதுநடை) லலித்தைக் கேளுங்கள். அவர் அந்த இரண்டு மத்யமங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதிலேயே ராகம் முழுதும் அடங்கியிருக்கிறது. பண்டிட் பீம்சேன் ஜோஷியிடம் அதே ராகம் தவிப்பை விட்டு முறையீடாக ஓங்குகிறது. இரண்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

ஜோகியா ஏறும்போது ஸ ரி ம ப த ஸ. காந்தாரத்தைத் தாண்டிக் குதிக்கிறது. நம் சாவேரியின் ஆரோகணமும் இதுதான். இரண்டிலும் இரங்கல் இருக்கிறது. ஜோகியாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறவரின் இரங்கல், சாவேரியில் போகாதே என்று கேட்பவரின் இரங்கல் என்று எனக்குப் படுகிறது. சியாமா சாஸ்திரியின் ‘சங்கரி சங்குரு’ கேட்டுவிட்டு மறுநாள் ஒரு ஜோகியா கேளுங்கள், நான் சொல்வது பொருந்துகிறதா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

ஆஹிர் பைரவ் கீழே பைரவ் போலவே தொடங்கி, மேல்பாதியில் சதுச்ருதி தைவதமும் (உயர்ந்த ‘த’) கைசிகி நிஷாதமும் (தாழ்ந்த ‘நி’) சேர்ந்து இளகிவிடும். ஸ்வர அளவில் நம் சக்ரவாகம். அதிலிருந்து மத்யமத்தை எடுத்துவிட்டால் மலயமாருதத்தின் ஸ்வரங்கள்! தியாகராஜரின் ‘மனஸா எடுலோ’வை இந்த நினைப்போடு கேட்டுப் பாருங்கள். மத்யமம் போனதும் பாரம் குறைந்து, ராகம் தாவித் தாவி ஏறுகிறது. ஆஹிர் பைரவில் இருக்கும் ஏக்கம் இங்கே இல்லை.

பூபாளத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ ரி க ப த என்று ஐந்தே ஸ்வரங்கள். காந்தாரம் ‘சாதாரண காந்தாரம்’ எனப்படும் தாழ்ந்த ‘க’ என்பதால் மேலே சொன்ன பெரிய இடைவெளி இதில் இல்லை, எல்லாம் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஒட்டிச் சுருண்டு கிடக்கும். இன்னும் யாரும் எழாத தெரு போல இருக்கும் அந்த ராகம். தீட்சிதரின் ‘ஸதாசலேஸ்வரம்’ இதில்தான். தேவாரப் பண்களில் புறநீர்மையைப் பூபாளத்தோடு சேர்த்துச் சொல்வார்கள், அதுவும் பகற்பண் வரிசையைச் சேர்ந்ததே. ஓதுவார் ஒருவர் புறநீர்மைப் பதிகம் பாடக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

தேஸ்காருக்கு வருவோம். நம் மோஹனத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள். மாலையில் பாடும் ஹிந்துஸ்தானி பூபாளிக்கும் (மேலே சொன்ன பூபாளம் அல்ல) அதே ஐந்துதான். பூபாளி காந்தாரத்தில் போய் உட்காரும், கீழ்ப்பாதியிலேயே உலவும். தேஸ்கார் தைவதத்தைப் பிடித்துக்கொண்டு மேல்பாதியில் நிற்கும். இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒன்று விளக்கேற்றிய வீடு, இன்னொன்று முழுதாக வெளுத்த வானம். ராகம் என்பது ஸ்வரப் பட்டியல் அல்ல என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த ஜோடிதான். உங்களுக்கும் ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள்: காலையில் தேஸ்கார், அதே நாள் மாலை பூபாளி.

பிலஹரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோஹனம்போல் ஏறி, சங்கராபரணமாக இறங்கும். உற்சாகம். ‘நா ஜீவாதாரா’ கேட்டால் தெரிந்துவிடும்.

5. பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது ஏமாறாதீர்கள்

யூடியூபில் “காலை ராகங்கள், மன அமைதிக்கு” என்று மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். பலவற்றில் கலைஞர் பெயரே இருக்காது. நல்ல பதிவுக்கு அடையாளங்கள்: பாடியவர், உடன் வாசித்தவர்கள், ராகம், தாளம் நான்கும் குறிப்பிட்டிருக்கும், தொடக்க ஆலாபனை வெட்டப்பட்டிருக்காது. ஹிந்துஸ்தானிப் பதிவு என்றால் விளம்பிதம் இருக்க வேண்டும். துருத் (வேகநடை) மட்டும் உள்ள பத்து நிமிடத் துண்டில் விடியற்கால ராகத்தின் குணம் தங்காது.

காசில்லாத நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஆகாசவாணியின் ‘ராகம்’ என்ற சாஸ்திரிய இசைச் சேவை 2016 ஜனவரி 26 அன்று தொடங்கியது, 24 மணி நேரமும் ஒலிக்கிறது. நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் இலவசம். வேளையறிந்து ராகம் வைக்கும் வழக்கம் வானொலியில் நெடுங்காலமாக உண்டு, அதனால் காலையில் திறந்தால் பெரும்பாலும் காலை ராகமே கிடைக்கும். ராகப் பெயரை அறிவிப்பாளர் முதலிலேயே சொல்லிவிடுவார், குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களில் பெரிய குழி இருக்கிறது. ஹிந்துஸ்தானித் தோடியும் நம் தோடியும் ஒன்றல்ல. மியான் கீ தோடியின் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளிக்குப் பக்கம், நம் தோடியின் ஸ்வரங்கள் ஹிந்துஸ்தானி பைரவிக்குப் பக்கம். அந்த பைரவி நம் பைரவி அல்ல. பைரவும் பைரவியும் வேறு வேறு. ஹிந்தோல் என்பது பிரதி மத்யமம் கொண்ட காலை ராகம். நம் ஹிந்தோளமோ அவர்களுடைய மால்கௌன்ஸ், பின்னிரவு ராகம். லலித்துக்கும் நம் லலிதாவுக்கும் பஞ்சமம் இல்லை என்பது பொது, ஆனால் லலிதாவில் பிரதி மத்யமம் கிடையாது. தேடுபெட்டியில் பெயரைப் போடும்போது ‘ஹிந்துஸ்தானி’ அல்லது ‘கர்நாடக’ என்று கூடவே போடுங்கள். தலைவலி பாதி குறையும்.

6. பக்கத்திலேயே நேரில் கேட்க

முதலில் கோயில். நடை திறக்கும் நேரத்தில், திருப்பள்ளியெழுச்சிக்கு நாகஸ்வரம் வாசிக்கும் வழக்கம் இன்னும் தொடரும் பெரிய கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. பூபாளம், பௌளி, மலயமாருதம், பிலஹரி என்று பொழுதுக்கேற்ப வாசிப்பார்கள். செலவு எதுவும் இல்லை. ஆனால் எல்லாக் கோயிலிலும் எல்லா நாளும் வாசிப்பு இருக்காது. பல இடங்களில் மின்சார மேளம் வந்துவிட்டது. அதனால் முதல்நாள் மாலையே போய் அங்குள்ள நாகஸ்வரக்காரரிடம் மரியாதையாக, “நாளைக் காலை வாசிப்பு உண்டுங்களா, எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுங்கள். கேட்க ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். வாசிப்பு முடிந்ததும் என்ன ராகம் என்று கேளுங்கள். முடிந்த அளவு சன்மானம் கொடுங்கள். போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பதிவுசெய்யாதீர்கள்.

அடுத்தது மார்கழி. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை கோயில்கள் வழக்கத்தைவிட முன்னதாகத் திறக்கும். மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்கால பஜனை உண்டு. பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கம் அது. யாரும் சேர்ந்துகொண்டு நடக்கலாம். சென்னை டிசம்பர் சீசன் சபாக்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே காலை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் எட்டு மணிக்கு மேல்தான். பிலஹரிக்கு நல்ல நேரம், பூபாளத்துக்குக் காலம் கடந்துவிட்டது.

7. வெளியூர்: எங்கே, எப்போது

திறந்தவெளியில் இரவு முழுக்க நடந்து விடியலில் முடியும் விழாக்கள் இப்போது அரிது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பல புகழ்பெற்ற விழாக்கள் இதனால் இரவு பத்து மணிக்கே முடிந்துவிடுகின்றன. பழைய கட்டுரையைப் படித்துவிட்டு விடியலில் பைரவ் கேட்கலாம் என்று டிக்கெட் போடுவதற்கு முன் அந்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள்.

விடிய விடிய நடக்கும் விழா வேண்டுமென்றால் கொல்கத்தாவின் டோவர் லேன் இசை மாநாடு, ஜனவரிக் கடைசி வாக்கில். கட்டண நுழைவு. இரவின் கடைசிக் கலைஞருக்கே விடியற்கால ராகம் வாய்க்கும், அதனால் மாலை நிகழ்ச்சியில் களைத்துப் போகாமல் பகலில் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். மும்பையில் பஞ்சம் நிஷாத் அமைப்பின் ‘பிராதஸ்வர்’ தொடர் அதிகாலைக் கச்சேரிகளுக்கென்றே ஏற்பட்டது. அங்கே போகும் எண்ணமிருந்தால் அவர்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேதியை முடிவுசெய்யுங்கள்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால், காசிக்குப் போங்கள்.

8. காசிப் பயணம்: தேதி, ஆவணம், செலவு

அசி படித்துறையில் ‘சுபஹ்-ஏ-பனாரஸ்’ 2014 நவம்பரிலிருந்து நாள்தோறும் நடக்கிறது. விடியுமுன் கங்கா ஆரத்தி, வேள்வி, அதன்பின் சாஸ்திரிய இசை, கடைசியில் யோகா. நுழைவு இலவசம், பதிவு தேவையில்லை. தொடங்கும் நேரம் பருவத்தோடு மாறும். முதல்நாள் மாலை படித்துறைக்கே போய்க் கேட்டுவிடுவது நல்லது. ஆரத்திக்கு வந்த கூட்டம் இசை தொடங்கும்போது கலைந்துவிடும். அப்போது முன்னால் நகர்ந்து உட்காருங்கள். பெரும்பாலும் உள்ளூர்க் கலைஞர்கள், இளையவர்கள். பெயர் பெற்றவர்களைத் தேடி வந்தவர்கள் ஏமாறக்கூடும். பைரவ் அந்த நேரத்தில், அந்த இடத்தில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்க வந்தவர்கள் ஏமாற மாட்டார்கள்.

பெரிய கலைஞர்கள் வேண்டுமென்றால் சங்கட மோசன் கோயிலின் இசை விழா. அனுமன் ஜயந்தியை ஒட்டி, பெரும்பாலும் ஏப்ரலில், பல இரவுகள் விடிய விடிய நடக்கும். இதுவும் இலவசம். அங்கு அனுமன் ஜயந்தி சித்திரா பௌர்ணமி வாக்கில் வரும், நம் மார்கழி மாத அனுமன் ஜயந்தியை வைத்துத் தேதி பார்க்காதீர்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. பை, போன் விஷயத்தில் கோயிலின் விதியைப் போனவுடனே விசாரித்துக்கொள்ளுங்கள். தரையில்தான் உட்கார வேண்டியிருக்கும், ஒரு கனமான துண்டு எடுத்துப் போங்கள்.

ரயில்: சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ், தென் மாவட்டங்களிலிருந்து கன்னியாகுமரி–பனாரஸ் காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ். இரண்டும் நாள்தோறும் ஓடுபவை அல்ல. சென்னையிலிருந்தே ஒன்றரை நாள் ஆகும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது, 120 நாள் என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள். இணையத்தில் தட்கல் எடுக்க 2025 ஜூலை முதல் ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு இணைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் இதைச் செய்யப் போனால் ஓடிபி வருவதற்குள் சீட்டு போய்விடும், இன்றே செய்து வையுங்கள்.

நிலையப் பெயர்களில் குழப்பம் வேண்டாம். வாரணாசி ஜங்ஷன் வேறு, பனாரஸ் நிலையம் வேறு. பண்டிட் தீன்தயாள் உபாத்யாய ஜங்ஷன் என்பது பழைய முகல்சராய், கங்கைக்கு அந்தப் பக்கம். அங்கே இறங்கினால் ஊருக்குள் வர ஆட்டோவுக்கும் நேரத்துக்கும் தனியாக ஒதுக்க வேண்டும்.

ஆவணம்: அசல் ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, கூடவே இரண்டு நகல்கள். விடுதிகளும் சத்திரங்களும் நகல் கேட்கும், விடியற்காலையில் நகல் கடை திறந்திருக்காது. தனியாக வருபவருக்கு அறை தரத் தயங்கும் தங்குமிடங்கள் இருக்கின்றன, நேரில் போய் நிற்காமல் முன்கூட்டியே போனில் பேசி உறுதி வாங்குங்கள். “காலை நாலரைக்கு வெளியே போக வேண்டும், கதவைத் திறந்துவிடுவீர்களா?” என்பதையும் அப்போதே கேளுங்கள். இதைக் கேட்காமல் போனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று லலித் நேரத்தைத் தொலைக்க வேண்டியிருக்கும். அனுமான் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் தமிழ் பேசுபவர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். நகரத்தார் சத்திரமும் குமாரசாமி மடமும் ஊரில் உள்ளன. கேதார் காட் பக்கம் தங்கினால் படித்துறை வழியாகவே அசிக்கு நடந்துவிடலாம்.

எந்த மாதம்? ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கையில் வெள்ளம் ஏறும், படித்துறைகளுக்கு இடையே நடைவழி மூழ்கிவிடும். டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் பனிமூட்டம், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். கார்த்திகைப் பௌர்ணமிக்குத் தேவ் தீபாவளி, அறை வாடகை எகிறும். பிப்ரவரி, மார்ச் இரண்டும் நல்ல மாதங்கள். காலையில் குளிர் இருக்கும், சால்வை போதும். குறைந்தது மூன்று காலைகளாவது தங்குமாறு திட்டமிடுங்கள். ஒரு நாள் மழை, ஒரு நாள் மைக் கோளாறு, ஒரு நாள் பஜனை மட்டும் என்று போகக்கூடும். ஊர் திரும்பும் நாளன்று ரயில் காலை பத்து மணிக்கு முன்பு வேண்டாம். அன்றைய இசை முடிந்து, கலைஞரிடம் என்ன ராகம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அறையைக் காலி செய்ய அவ்வளவு நேரமாவது பிடிக்கும்.